சாமிக்கும் ஜிடிபிக்கும் என்ன சம்பந்தம்?

#1 தராசு

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாகச் சண்டை. மாமா ஒருவர், "சில மதங்கள் உழைக்கச் சொல்லும், சில மதங்கள் சும்மா உட்காரச் சொல்லும், நாடு முன்னேறுவதும் நாசமாவதும் அதில்தான் இருக்கிறது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எனக்கு உறுத்தியது. பதில் எழுத உட்கார்ந்தால், இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொன்ன பெரிய மனிதர் ஒருவர் இருக்கிறாரே என்று கை நின்றுவிட்டது. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர்.

தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். 1904-05இல் எழுதிய இரண்டு நீண்ட கட்டுரைகளில், ஜெர்மனியின் பேடன் பகுதியில் முதலாளிகளும் தேர்ச்சி பெற்ற தொழிலாளிகளும் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகளாக இருப்பதை வெபர் எடுத்துக்கொண்டார். அவர் கண்ட காரணம் புராட்டஸ்டன்ட் போதகர் கால்வினின் போதனை. யார் மீட்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்பே குறித்துவிட்டார். நீ என்ன செய்தாலும் அது மாறாது, உன் பெயர் அதில் இருக்கிறதா என்று உனக்குத் தெரியவும் தெரியாது. இந்தப் பதற்றத்தோடு எப்படித் தூங்குவது? செய்யும் தொழிலையே கடவுள் இட்ட பணியாக எடுத்துக்கொண்டு மாடாய் உழைக்கிறார்கள். தொழில் செழித்தால், 'நம் பெயரும் பட்டியலில் இருக்கும் போல' என்று ஒரு ஆறுதல். சம்பாதிக்கலாம், ஆனால் அனுபவிக்கக் கூடாது. செலவழிக்காத பணம் மறுபடி தொழிலுக்கே போகிறது.

கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே வெபர், சீனாவில் முதலாளித்துவம் தானாக முளைக்காததற்கு, ஞானி கன்பூசியஸ் போதித்த கன்பூசியத்தையும் ஒரு காரணமாகச் சொன்னார். 1980களில் கொரியா, தைவான், சிங்கப்பூர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் "எல்லாம் கன்பூசிய ஒழுக்கம்" என்று எழுதினார்கள். 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும், அதே குடும்பப் பற்றும் மூத்தோர் மரியாதையும் "வேண்டியவனுக்கே கடன் கொடுக்கும் புத்தி" ஆகிவிட்டது. மதம் அதேதான், தீர்ப்பு மட்டும் இரண்டு முறை மாறியது.

வளர்ச்சிக்கு மதம் நிஜமாகவே காரணமா, இல்லை எல்லாம் நடந்து முடிந்த பிறகு நாம் ஒட்டும் லேபிளா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நாத்திகன்42

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பணக்கார நாடுகளின் பட்டியலைப் பாருங்கள், மத நம்பிக்கை குறைந்த நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றுதான். மதம் குறைந்தால் வளர்ச்சி வரும். இழையை மூடிவிடலாம்.

#3 கணக்கப்பிள்ளை

மூட வேண்டாம். அமெரிக்கா பணக்கார நாடு, அங்கே மதப்பற்று மற்ற பணக்கார நாடுகளைவிடத் தெளிவாகவே அதிகம். வளைகுடா நாடுகளும் உங்கள் பட்டியலை உடைத்துவிடும். அப்புறம், வசதி வந்த பிறகு கோவில், தேவாலயம், மசூதிப் பக்கம் போவது குறைந்ததா, போவது குறைந்ததால் வசதி வந்ததா? பட்டியல் அதைச் சொல்லாது.

இந்தத் திசைச் சிக்கலைப் பிரித்துப் பார்க்க 2003இல் ராபர்ட் பாரோ, ரேச்சல் மெக்லியரி என்ற ஆய்வாளர்கள் ஒரு முயற்சி செய்தார்கள். பல நாடுகளின் கருத்துக்கணிப்புகளை வைத்து, நம்பிக்கை, வழிபாட்டுக்குப் போகும் பழக்கம் இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். சொர்க்கம், குறிப்பாக நரகம் உண்டு என்று நம்புவோர் அதிகமாக இருந்தால் வளர்ச்சி கூடுகிறது. அதே அளவு நம்பிக்கை இருக்கும்போது வழிபாட்டுக்குப் போவது மட்டும் கூடினால் வளர்ச்சி குறைகிறது. அவர்கள் விளக்கம் இது: வழிபாட்டு நேரமும் காணிக்கையும் செலவு, நம்பிக்கை அதில் கிடைக்கும் விளைபொருள். நரக பயம் இருந்தால் ஏமாற்று குறையும், உழைப்பு கூடும். குறைந்த செலவில் நிறைய பயம் தயாரிக்கும் மதமே பொருளாதாரத்துக்கு நல்லது!

சிரிக்கலாம், ஆனால் இந்த முடிவு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. பிறகு ஸ்டீவன் டர்லாஃபும் இன்னும் இருவரும் வேறு முறையில் கணக்குப் போட்டார்கள். வளர்ச்சிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் மற்ற காரணங்களையும் சேர்த்து, எந்தக் கணக்கு மாதிரியை எடுத்தாலும் முடிவு நிற்கிறதா என்று பார்த்தார்கள். நரகம் நிற்கவில்லை. மொத்தமே சில பத்து நாடுகள்தான், காரணங்களோ நூறு. அந்த அளவு தரவில் எதையும் 'நிரூபித்து' விடலாம். நாடுகளை ஒப்பிட்டுப் போடும் மதக் கணக்கைக் கண்டாலே எனக்கு இப்போதெல்லாம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடத் தோன்றும்.

#4 சும்மாதான் வந்தேன்

"குறைந்த செலவில் நிறைய பயம்". எங்கள் கம்பெனி நிர்வாகமும் இதைத்தான் பின்பற்றுகிறது. வளர்ச்சியைத்தான் காணோம்.

#5 விளக்கொளி

நான் தினமும் பிரார்த்தனை செய்கிறவள். என் பிரார்த்தனை நேரத்தைச் 'செலவு' வரிசையில் எழுதியதைப் படித்ததும் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஒருவர் ஒரு மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தால் அது நுகர்வு, விளம்பர வருமானம், ஜிடிபி. அதே ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தால் நஷ்டம். அளவுகோலிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது, இல்லையா? மதம் வளர்ச்சிக்காக வந்ததே இல்லை. மீனுக்கு மரம் ஏறத் தெரிகிறதா என்று பரீட்சை வைக்கிறீர்கள்.

#6 கணக்கப்பிள்ளை

விளக்கொளி அம்மா சொல்வதற்குப் பக்கத்திலேயே வரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது.

ரமலான் நோன்பு சூரியன் உதிப்பதற்கு முன் தொடங்கி மறையும்வரை. இஸ்லாமிய நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றுவதால் அந்த மாதம் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும். கோடையில் வந்தால் பகல் நீளம், நோன்பும் நீளம். நிலநடுக்கோட்டருகே இருக்கும் நாட்டுக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வடக்கே போகப் போக வித்தியாசம் பெருகும். யாரும் திட்டமிடாமல் இயற்கையே ஒரு சோதனையை நடத்தித் தருகிறது: மதம் அதே, மக்கள் அதே, அனுஷ்டானத்தின் நீளம் மட்டும் ஆண்டுக்காண்டு மாறுகிறது.

ஃபிலிப்பே கம்பான்டேயும் டேவிட் யனகிசாவா-ட்ராட்டும் 2015இல் வெளியிட்ட முடிவு: நோன்பு நேரம் நீளும் ஆண்டுகளில் முஸ்லிம் நாடுகளின் வளர்ச்சி குறைகிறது. ஆனால் அதே ஆண்டுகளில் அங்குள்ள முஸ்லிம்கள் தாங்கள் கூடுதல் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். பசியால் ஆட்கள் சோர்ந்துபோவதைவிட, வேலைக்குக் கொடுக்கும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கும் வேலையையும் அவர்களே மாற்றிக்கொள்வதுதான் காரணமாகத் தெரிகிறது. பணம் கொஞ்சம் போகட்டும் என்று தெரிந்தே எடுத்த முடிவு. இதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

#7 பழைய புத்தகம்

வெபருக்கு வருவோம். அவர் காட்டிய பேடன் புள்ளிவிவரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. எந்தப் பள்ளியில் எந்த மதத்தார் எத்தனை சதவீதம் என்று ஓர் அட்டவணை. அதில் ஒரு வரியைக் கூட்டினால் 100 வர வேண்டிய இடத்தில் 109 வருகிறது. மாணவர் ஒருவரின் ஆய்விலிருந்து எடுத்த எண்கள், அச்சுப் பிழையோடு அப்படியே வந்துவிட்டன. குர்ட் சாமுவெல்சன் என்ற ஸ்வீடன்காரர் கண்டுபிடிக்கும்வரை அரை நூற்றாண்டாக உலகம் அதை மேற்கோள் காட்டியது. இதனால் வெபரின் வாதம் விழுந்துவிடாது. ஆனால் கூட்டிப் பார்க்காமலேயே நம்பும் பழக்கம் மதத்தில் மட்டும் இல்லை என்று தெரிகிறது!

கத்தோலிக்கர்களும் பின்தங்கி இருக்கவில்லை. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை 1494இல் அச்சில் கொண்டுவந்த லூக்கா பச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. இத்தாலியின் வெனிசும் ஃபுளோரன்சும் வங்கி நடத்தியபோது, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூதர் பிறக்கவே இல்லை. ஐரோப்பிய நிலப்பரப்பில் முதலில் தொழில்மயமானது கத்தோலிக்க பெல்ஜியம். 1690களின் கால்வினிய ஸ்காட்லாந்தோ பஞ்சத்தில் கிடந்தது.

அப்படியானால் பேடனில் வெபர் கண்டது பொய்யா? பொய் இல்லை, காரணம்தான் வேறாக இருக்கலாம். ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே படிக்க வேண்டும் என்றார் லூதர். 1524இல் நகர சபைகளுக்குக் கடிதம் எழுதி, பள்ளிக்கூடம் திறக்கச் சொன்னார். அவர் கவலையெல்லாம் ஆன்மாவைப் பற்றியது, சம்பளத்தைப் பற்றியது இல்லை. ஆனால் வேதம் படிக்கக் கற்ற பிள்ளை ரசீதையும் ஒப்பந்தத்தையும் படிக்கும். சாஷா பெக்கர், லூட்கர் வோஸ்மன் என்ற ஆய்வாளர்கள், ஜெர்மனியின் பெரும்பகுதியாக இருந்த பிரஷ்யாவின் 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் பார்த்தார்கள். புராட்டஸ்டன்ட் மாவட்டங்கள் வசதியாகத்தான் இருந்தன. ஆனால் எழுத்தறிவைக் கணக்கில் சேர்த்ததும் மதத்தின் பங்கு பெரும்பாலும் கரைந்துவிட்டது. எழுத்தறிவு மதத்தால்தான் வந்ததா என்று தெரிய, லூதர் இருந்த விட்டன்பெர்க்கிலிருந்து ஒவ்வொரு மாவட்டமும் எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். சீர்திருத்தம் அங்கிருந்து வட்டவட்டமாகப் பரவியது. பக்கத்தில் இருந்த மாவட்டங்கள் கூடுதலாகப் படித்திருந்தன.

இதைவிடப் பழைய கதை யூதர்களுடையது. கி.பி. 70இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பலி கொடுக்க இடமில்லை. மதத்தின் மையம் பலிபீடத்திலிருந்து புத்தகத்துக்கு நகர்ந்தது. ஒவ்வொரு தகப்பனும் மகனுக்குத் தோரா என்ற வேதத்தைப் படிக்கச் சொல்லித்தர வேண்டும் என்பது கடமை ஆனது. விவசாயக் குடும்பத்துக்கு இது வீண் செலவு, கலப்பைக்கு எழுத்து எதற்கு? அந்தச் சுமை தாங்காமல் மதத்தை விட்டுப்போனவர்களும் உண்டு. எஞ்சியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பாக்தாத் போன்ற நகரங்கள் எழுந்தபோது வணிகத்துக்கும் கணக்குக்கும் அவர்கள்தான் தயாராக இருந்தார்கள். மரிஸ்டெல்லா பொட்டிச்சினி, ஸ்வி எக்ஸ்டைன் இருவரும் விரிவாக முன்வைத்த வாதம் இது.

#8 வட்டிக்கடை

பழைய புத்தகம் ஐயா, ஒரு மறுப்பு. யூதர்கள் வட்டித் தொழிலுக்குப் போனது படிப்பால் மட்டும் இல்லை. நிலமும் கைவினைக் கழகங்களும் பல இடங்களில் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தன. வட்டி வாங்குவது கிறிஸ்தவனுக்குப் பாவம். அந்த வேலைக்கு ஆள் வேண்டும். பிறகு கடன் ஏறியதும் அவர்களையே விரட்டுவது. இங்கிலாந்து 1290இல் செய்தது அதுதான்.

என் பிழைப்பு கடன் துறையில். அதனால் வட்டித் தடைதான் எனக்கு ருசியான பகுதி. 1179இல் கத்தோலிக்கத் திருச்சபையின் மூன்றாம் லாத்தரன் சங்கம், பகிரங்கமாக வட்டி வாங்குபவனுக்கு நற்கருணையும் கிடையாது, கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. கடன் நின்றதா? நிற்கவே இல்லை, வேஷம் மாறியது. ஃபுளோரன்சில் ஒருவர் ஃபுளோரின் நாணயத்தில் பணம் வாங்குவார். சில மாதம் கழித்து புரூஜஸ் நகரிலோ லண்டனிலோ வேறு நாணயத்தில் திருப்பித் தருவார். நாணய மாற்று விகிதத்துக்குள் வட்டி உட்கார்ந்திருக்கும். 'இது கடன் இல்லை, பரிவர்த்தனை.' 1397இல் தொடங்கிய மெதிசி வங்கியின் பெரும் பணம் இப்படி வந்ததுதான். அப்புறம் மனசாட்சிக்காகத் தேவாலயங்களுக்கு நன்கொடை. பாதுவா நகரில் ஜியோத்தோ ஓவியம் தீட்டிய ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தைக் கட்டியவர், வட்டிக்குப் பேர்போன ஒருவரின் மகன்.

இன்றைய இஸ்லாமிய வங்கி முறையிலும் அதே சாமர்த்தியத்தைப் பார்க்கலாம். முராபஹாவில் வங்கியே பொருளை வாங்கி, லாபம் வைத்து, உங்களுக்குத் தவணையில் விற்கும். வட்டி என்ற சொல் எங்கும் வராது. தவணை அட்டவணையை மட்டும் காட்டினால், அது எந்த வகை வங்கியுடையது என்று என்னாலேயே சட்டென்று சொல்ல முடியாது.

தடை வளர்ச்சியை நிறுத்தவில்லை. ஒவ்வொரு கடனுக்கும் ஒரு சுற்றுவழியும் அதற்கு ஒரு வக்கீல் கட்டணமும் சேர்த்தது. பெரிய வணிகன் அதைத் தாங்குவான். சின்னவன்தான் அடகுக்காரனிடம் போனான்.

#9 பழைய புத்தகம்

வட்டிக்கடை, நிலமும் கழகமும் மூடப்பட்டது மேற்கு ஐரோப்பாவில், பிந்தைய நூற்றாண்டுகளில். அதற்கு வெகு முன்பே, அப்படித் தடை இல்லாத, பாக்தாத்தைத் தலைநகராகக் கொண்ட அப்பாசியர் ஆட்சிப் பகுதிகளிலேயே யூதர்கள் விவசாயத்தை விட்டுவிட்டார்கள். எக்ஸ்டைன் தரப்பின் வலுவான இடம் அதுதான். ஆனால் வட்டித் தொழிலில் அவர்கள் தேங்கியதற்கு உங்கள் காரணமும் சேர்ந்துகொண்டது, ஒப்புக்கொள்கிறேன்.

#10 நாத்திகன்42

அப்படியானால் இஸ்லாமிய நாடுகள் பின்தங்கியதற்கு வட்டித் தடை காரணம் இல்லையா? மதம் விதித்த தடைதானே?

#11 பழைய புத்தகம்

கேள்வியே வேறாக இருக்க வேண்டும். கி.பி. 1000இல் பாக்தாத்தும் கெய்ரோவும் கோர்டோபாவும் இருந்த நிலையைப் பார்த்தால் 'கிறிஸ்தவ நாடுகள் ஏன் பின்தங்கின' என்றுதான் கேட்டிருப்பீர்கள். அதே மதம்தான் அப்போதும் இருந்தது. பிறகு என்ன ஆனது?

பொருளியலாளர் திமூர் குரான் சொல்லும் விடை எனக்கு ஒத்துப்போகிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே வணிக முறை. ஒருவர் பணம் போடுவார், இன்னொருவர் சரக்கோடு பயணம் போவார், லாபத்தைப் பங்கு பிரிப்பார்கள். அரபு உலகில் முதாரபா, இத்தாலியில் கொமெண்டா. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் ஒருவர் செத்த பிறகுதான் தெரியும்.

இஸ்லாமியச் சட்டப்படி ஒருவர் தம் விருப்பப்படி எழுதிவைக்கக்கூடியது சொத்தில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி மூன்றில் இரண்டு பங்கு, மனைவி, மகன், மகள், பெற்றோர் என்று வாரிசுகளுக்குப் போகும், யாருக்கு எவ்வளவு என்பதும் குறித்தாகிவிட்டது. பெண்ணுக்கும் பங்கு உண்டு. அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு நியாயமான சட்டம் என்று யோசியுங்கள். ஆனால் பங்காளி ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும், அவர் பங்கை உடனே பத்துப் பேருக்குப் பிரித்தாக வேண்டும். ஐந்து பேர் சேர்ந்து இருபது வருடத் திட்டம் போட்டால் நடுவில் யாராவது போய்ச் சேர்வது நிச்சயம். அதனால் புத்திசாலி வணிகர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு மூன்று பேராக, ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் கூட்டு வைத்தார்கள். கூட்டு சிறியது, ஆயுள் குறுகியது. பெரிய கணக்குமுறையோ கைமாற்றக்கூடிய பங்குகளோ தேவைப்படவே இல்லை. தேவைப்படாதது முளைக்காது.

ஐரோப்பாவில் பல இடங்களில் மூத்த மகனுக்கே எல்லாம் என்று போனது. தம்பி தங்கைகளுக்கு அநியாயம்தான். ஆனால் தொழில் சிதறவில்லை, கூட்டு பெருத்தது. 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோது பங்குதாரர் செத்தாலும் கம்பெனி சாகாது என்ற நிலை.

பெருஞ்சொத்தைச் சிதறாமல் காக்க இஸ்லாமிய உலகிலும் ஒரு வழி இருந்தது, வக்ஃபு என்ற அறக்கட்டளை. பள்ளி, மருத்துவமனை, குடிநீர் எல்லாம் அதில் நடந்தன. ஆனால் நிறுவியவர் பத்திரத்தில் எழுதியதை மாற்றுவது கடினம். முந்நூறு வருடத்துக்கு முன் ஒரு நோக்கத்துக்கு எழுதிய பணம் அந்த நோக்கத்துக்கே கட்டுப்பட்டுக் கிடக்கும்.

ஆக, சோம்பலை எந்த வசனமும் போதிக்கவில்லை. நியாயமான வாரிசுச் சட்டம் ஒன்று, எழுதியவர்கள் கனவிலும் நினைக்காத விதத்தில், எண்ணூறு ஆண்டு கழித்துக் காலைத் தட்டியது. தராசு, உங்கள் மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். மதம் மனதில் என்ன விதைத்தது என்பதை அளக்க முடியாது. அது பத்திரத்தில் என்ன எழுத வைத்தது என்பதைத் தேடிப் பார்க்கலாம்.

#12 கணக்கப்பிள்ளை

நல்ல வாதம். ஆனால் ஒரு ஓட்டை. 1850இல் துருக்கியின் ஒட்டோமான் அரசு பிரெஞ்சு முறையைப் பார்த்து வணிகச் சட்டம் கொண்டுவந்தது. முடிந்தது என்றால் முன்பே ஏன் முடியவில்லை? அப்போது மதச் சட்டத்தைவிட, அதை மாற்ற விரும்பாத அரசியலைப் பற்றியல்லவா பேச வேண்டும்? பொருளியலாளர் ஜாரெட் ரூபின் அந்த வழியில் போகிறார். ஆள்பவருக்கு அங்கீகாரம் தருவது மதத் தலைவர்கள் என்றால், அவர்களுக்குப் பிடிக்காததை ஆள்பவர் செய்யமாட்டார். இஸ்தான்புல் யூதர்கள் எபிரேயத்தில் அச்சடித்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான், 1727இல் இப்ராஹிம் முதஃபெரிகாவுக்கு அரபு எழுத்தில் அச்சிட அனுமதி கிடைத்தது. இங்கிலாந்திலும் ஹாலந்திலும் ஆள்பவருக்கு அங்கீகாரம் தருபவர்கள் மாறினார்கள். பாதிரிகள் இருந்த இடத்தில் வணிகர்கள் நிறைந்த நாடாளுமன்றம்.

#13 விளக்கொளி

எல்லோரும் சட்டம், பத்திரம் என்றே போகிறீர்கள். நம்பகம் என்று ஒன்று இருக்கிறதே?

பிரிட்டனின் குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினரைப் பாருங்கள். சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டார்கள், அதனால் அரசுப் பதவி இல்லை. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அவர்களுக்கு மூடியே இருந்தன. மிச்சம் இருந்தது வியாபாரம். பேரம் பேசுவதைப் பொய் என்று நினைத்து ஒரே விலை வைத்தார்கள். ஒருவர் கடனைக் கட்டாமல் திவாலானால் சபையே அவரை விலக்கிவிடும். ஊரில் யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்று விசாரிக்கவே வேண்டாம். பார்க்லேஸ், லாய்ட்ஸ் வங்கிகளும் கேட்பரி சாக்லேட்டும் அந்தச் சின்னக் கூட்டத்திலிருந்து வந்தவை. ஆடம் ஸ்மித்கூட 1776இல் இதைத் தொட்டிருக்கிறார். பெருநகரத்தில் முகம் தெரியாமல் கரைந்துபோகும் ஏழைக்கு, ஒரு சிறு சபையில் சேர்ந்தவுடன் தன் நடத்தையைக் கவனிக்க நாலு பேர் கிடைக்கிறார்கள் என்று. அது காசு கொடுத்து வாங்க முடியாத பத்திரம்.

#14 தராசு

இது மதத்தின் குணமா, ஒதுக்கப்பட்டதன் விளைவா? குவேக்கர்களுக்குப் பல்கலைக்கழகம் திறந்திருந்தால் பாதிப் பேர் பாதிரியாகவோ நீதிபதியாகவோ போயிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அதோடு, ஒதுக்கியவன் இழந்த கணக்கும் இருக்கிறது. 1685இல் பிரான்சின் பதினான்காம் லூயி, ஹியூகனோ எனப்பட்ட பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளுக்கு இருந்த உரிமையை ரத்து செய்தார். அதே ஆண்டு ஜெர்மனியின் பிராண்டன்பர்க்-பிரஷ்யா ஆட்சியாளர் 'எங்களிடம் வாருங்கள்' என்று அறிவித்தார். ஏறத்தாழ 20,000 பேர் போனார்கள், நெசவுத் திறமையும் கூடவே போனது. எரிக் ஹோர்னுங் என்பவர் பிரஷ்யத் துணி ஆலைகளின் கணக்கை ஆராய்ந்தார். அவர்கள் அதிகம் குடியேறிய இடங்களில் நூறாண்டு கழித்தும் உற்பத்தித்திறன் கூடுதலாக இருந்தது. ஸ்பெயின் 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்கள், அதாவது கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம் வழிவந்தவர்கள், சுமார் மூன்று லட்சம் பேரைத் துரத்தியது. நன்றாக விளைந்துகொண்டிருந்த வலென்சியா நிலங்கள் ஆளில்லாமல் கிடந்தன.

#15 வட்டிக்கடை

முடங்கிய சொத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு துணுக்கு. 845இல் தாங் பேரரசர் ஊசோங், சீனாவில் 4,600 பௌத்த மடங்களை மூடி, 2,60,000க்கும் மேற்பட்ட துறவியரை இல்லறத்துக்கு அனுப்பி வரிப் பட்டியலில் சேர்த்தார். வெண்கலச் சிலைகளும் மணிகளும் உருகி நாணயமாயின. தத்துவ வேறுபாடு ஒரு பக்கம், கஜானா காலி ஒரு பக்கம். வேடிக்கை என்னவென்றால் அந்த மடங்கள் பணத்தை முடக்கி வைத்திருக்கவில்லை, 'வற்றாத கருவூலம்' என்ற பெயரில் கடன் கொடுத்துக்கொண்டிருந்தன. என் முன்னோடிகள்!

1536-40இல் எட்டாம் ஹென்றி இங்கிலாந்தில் மடங்களைக் கலைத்ததும் இதே பசிதான். ஆனால் அங்கே நிலம் விற்பனைக்கு வந்து, வாங்கியவர்கள் அதில் பணம் பார்க்கத் தொடங்கினார்கள்.

#16 நெறியாளர்

இடையில் ஒரு மதத்தைத் திட்டிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தொடருங்கள்.

#17 சும்மாதான் வந்தேன்

(அதில் ஒன்று என்னுடையது இல்லை.) ஒரு சந்தேகம். 'இந்து வளர்ச்சி விகிதம்' என்று ஒன்று சொல்வார்களே, அது மதம் சம்பந்தப்பட்டதுதானே?

#18 கணக்கப்பிள்ளை

பெயர் மட்டும்தான். 1978இல் பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா வைத்தது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவின் வளர்ச்சி மூன்று பத்தாண்டுகளாக ஆண்டுக்கு 3.5 சதவீதத்தைச் சுற்றியே நின்றதைக் கிண்டல் செய்தார். பிறகு 1980களில் உரிமக் கெடுபிடி தளர்ந்தது, 1991இல் இன்னும் திறந்தது, விகிதம் ஏறியது. மக்கள் இடையில் மதம் மாறவில்லை. லைசென்ஸ் விகிதம் என்று பெயர் வைத்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

அயர்லாந்தும் அப்படித்தான். கத்தோலிக்கம்தான் பின்தங்கலுக்குக் காரணம் என்று வெகுகாலம் சொன்னார்கள். 1967இல் இலவச உயர்நிலைக் கல்வி, 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தது, பிறகு குறைந்த நிறுவன வரி. 1990களில் ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. 70களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேர் ஞாயிறு பூசைக்குப் போன நாடு அது. வளர்ச்சிக் காலத்தில்தான் அந்தக் கூட்டம் கரைந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாத்திகன் மட்டும் சந்தோஷப்படுவார். பிலிப்பைன்சில் ஒரு கிறிஸ்தவ அமைப்பு, மிக ஏழ்மையான குடும்பங்களுக்கு 15 வாரப் பாடம் நடத்துகிறது. மத போதனை, உடல்நலம், பிழைப்பு மூன்றும் கலந்தது. ஆய்வாளர்கள் குலுக்கல் முறையில் சில இடங்களில் மத போதனையைச் சேர்த்தும் சில இடங்களில் எடுத்துவிட்டும் நடத்தச் செய்தார்கள், 6,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள். ஆறு மாதம் கழித்து, போதனை பெற்றவர்களின் வருமானம் சுமார் 9 சதவீதம் கூடுதல். ஆனால் செலவிலோ வாழ்க்கைத் திருப்தியிலோ தெளிவான மாற்றம் இல்லை. இன்னும் விசித்திரம், மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்களை முன்பைவிட ஏழைகளாக நினைத்தார்கள். போதுமென்ற மனம் வருவதற்குப் பதில் போதாது என்ற எண்ணம் வந்து உழைத்தார்களோ என்னவோ.

#19 நாத்திகன்42

சரி, #2ஐ வாபஸ் வாங்குகிறேன். பாதியை.

#20 விளக்கொளி

அந்தப் பிலிப்பைன்ஸ் முடிவு எனக்கு உவப்பாக இல்லை. ஆனாலும் குறித்துவைத்துக்கொண்டேன்.

மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்குத் தம் கடைசிக் காலத்தில் இதே கவலை இருந்தது. பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும், அவை வந்தால் பணம் சேரும், பணம் சேர்ந்தால் பக்தி தேயும். தன் மதமே தன்னைத் தின்றுவிடுமோ என்று பயந்தார். முடிந்தமட்டும் சம்பாதி, முடிந்தமட்டும் சேமி, முடிந்தமட்டும் கொடு என்று அவர் சொன்னதில் மூன்றாவதுதான் மருந்து. முதல் இரண்டைத்தான் உலகம் பிடித்துக்கொண்டது.

#21 தராசு

அனைவருக்கும் நன்றி. வாரிசுச் சட்டம், விட்டன்பெர்க் தூரம், குவேக்கர் எல்லாவற்றையும் சுருக்கி மாமாவுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. கடைசியாக அயர்லாந்தை மட்டும் தனியாகப் போட்டேன்: "அதே மதம், முதலில் வளரவில்லை, அப்புறம் வளர்ந்தது. எப்படி மாமா?"

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "முதலில் ஒழுங்காகக் கும்பிட்டிருக்க மாட்டார்கள்."